ரெங்கசாமி மூஞ்சியைப் பழக்கிய கதை

இனி தன் முகத்தில் எதுவுமே தெரியக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே ரெங்கசாமி சபதம் எடுத்தார். எடுத்த மறு நொடியே அடுப்படியிலிருந்து அம்சவேணி, "அங்க என்ன யோசனை?" என்றாள். பற்பசையை விழுங்கிவிட்டார்.

ரெங்கசாமி பயந்த சுபாவம். பர்மாவில், யாங்கூன் நகரத்துத் தின்கன்ஜூன் கடைத்தெருவில் பெயிண்ட் கடை நடத்துகிறார். கரண்டு போனாலும் பயப்படுவார், வந்தாலும் பயப்படுவார். கையெழுத்துப் போடப் பயந்து கடையையே மனைவி பெயரில் எழுதிவைத்தவர். இதெல்லாம் சில்லறைப் பயம். மொத்த வியாபாரப் பயம் ஒன்று உண்டு. அது அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். நன்றாக விற்ற கடைகளுக்கு, கடைக்கு ஒருவர் என்று பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் கம்போடியாவுக்கு இலவசமாகக் கூட்டிப் போகிறார்கள். தங்கும் ஓட்டலின் கீழ்த்தளத்திலேயே காசினோ. அங்கே சின்னப் பந்தய போக்கர் மேசையும் உண்டு. தோற்றால் ஒரு வேளை பிரியாணிக் காசுதான் போகும் என்று பக்கத்துக் கடை சிவராஜ் சத்தியம் செய்திருந்தான். அவன் போன வருஷமே போய் வந்தவன்.

ரெங்கசாமிக்குப் பணத்தாசை இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, எதிரில் இருப்பவன் தன்னைப் பார்த்துப் பயப்படுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்காகக் கடையின் பின்பக்கம், பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுச் சிவராஜ் சீட்டு சொல்லிக் கொடுத்தான். கொஞ்ச நேரத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டு, பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஊ' சேர்த்துச் சொன்னான்.

"ஊ ரெங்கசாமி, நல்ல சீட்டு வந்தா புருவம் ஏறுது, மோசமா வந்தா உதடு தொங்குது. உங்க மூஞ்சியில டிவி ஓடுது. எதிராளி டிக்கெட் எடுக்காமப் பார்ப்பான்."

"நான் என்னப்பா செய்யட்டும்?"

"மரக்கட்டையாட்டம் இருங்க. பேசவும் கூடாது. வீட்ல பழகுங்க. அக்காகிட்ட தாக்குப்பிடிச்சிட்டா எந்த மேசையிலயும் தாக்குப்பிடிக்கலாம்."

அக்கா என்றதுமே புருவமும் ஏறியது, உதடும் தொங்கியது.

அம்சவேணியிடம் முதல் பொய்யை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. "மாண்டலேயில கலர் கலக்குற பயிற்சியாம், கம்பெனில கூப்பிடுறாங்க." அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து அவர் காலைப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மரியாதை தெரிகிறதே என்று ரெங்கசாமி நினைத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் மரக்கட்டை ஆனார். தோசை வந்தது. மரக்கட்டை. சட்னி வந்தது. மரக்கட்டை.

"என்ன மூஞ்சி இது? வயித்து வலியா?"

"இல்ல."

"பல்லு வலியா?"

"இல்ல."

"அப்ப என்னத்தையோ மறைக்கிறீங்க."

ரெங்கசாமியின் நாக்கு அவரைக் கேட்காமலேயே, "விரதம்! மௌன விரதம்! அம்மனுக்கு!" என்றது.

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்து."

"வாயைத் திறந்து சொல்றீங்களே?"

"இதோட நிறுத்திட்டேன்."

அம்சவேணி மறுபடியும் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாட்கள் போகப் போக மரக்கட்டை முற்றியது. விரதக்காரர் என்று உப்பில்லாத பூசணிக்காயை வைத்தாள். முகம் அசையவில்லை. தன் அண்ணன் வந்து ஒரு மாதம் தங்கப் போவதாகச் சொன்னாள். அப்போதும் அசையவில்லை. கம்போடியா மேசையில் எவனோ ஒருவன் அழப் போகிறான் என்று ரெங்கசாமிக்கு நம்பிக்கை பிறந்தது.

அடுத்த நாள் அம்சவேணி கோயிலிலிருந்து திரும்பினாள்.

"என்னங்க, பூசாரி அப்பாசாமி இந்த வருஷம் தீ மிதிக்க ஆள் குறைவுன்னு வருத்தப்பட்டாரு. எங்க வீட்ல பேச்சையே விட்டுட்டாரு, தீ மிதிக்க மாட்டாரான்னு சொல்லிட்டேன். பேர் கொடுத்துடட்டுமா? வேண்டாம்னா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

வாயைத் திறந்தால் விரதம் பொய். விரதம் பொய்யென்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் காசினோ வரும். திறக்காவிட்டால் நெருப்பு வரும். ரெங்கசாமியின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. சிவராஜ் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பான்.

"அடேயப்பா, என்ன சாந்தம்!" என்று சொல்லிவிட்டு அவள் வந்த வழியே கோயிலுக்குப் போனாள்.

பயணம் முதலில் வருகிறது, தீமிதி அதற்குப் பிறகுதான் என்று ரெங்கசாமி மனதைத் தேற்றிக்கொண்டார். கம்போடியா போய்விட்டு வந்து காலைச் சுளுக்கிக்கொண்டால் போயிற்று. அந்தத் தெம்பில்தான் அப்பாசாமியிடம் கையை நீட்டினார். மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டு அப்பாசாமி சொன்னார்:

"காப்பு கட்டியாச்சு. இனி தீ மிதிச்சு முடிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினா அம்மா சும்மா விடமாட்டா."

வருஷா வருஷம் அடுத்தவர் கையில் பார்த்த கயிறு. அதன் சட்டம் சீட்டுக்கட்டுக் கனவில் மறந்தே போயிருந்தது. அம்சவேணியை ஏமாற்றத் துணிந்தவருக்கு அம்மனை ஏமாற்றத் துணிவில்லை. வீட்டுக்கு வந்து அழுதார். அதையும் முகத்தில் காட்டாமல் அழுதார்.

பயண நாள் வந்தது. வாசலில் டாக்ஸி நின்றது. உள்ளேயிருந்து அம்சவேணி பட்டுப்புடவையும் பெட்டியுமாக வந்தாள்.

"மாண்டலே பயிற்சியை வீணாக்க வேண்டாம்னு நானே கிளம்பிட்டேங்க. கடை என் பேர்லதானே இருக்கு."

ரெங்கசாமியின் பார்வை அவள் கையில் விழுந்தது. பழனிக்குப் போவதற்காக இருவரும் எடுத்துவைத்த பாஸ்போர்ட்டில் ஒன்று. மௌனம் உடைந்தது.

"மாண்டலேக்கு எதுக்குடி பாஸ்போர்ட்?"

"நீங்க எதுக்கு உங்களோடதை பீரோவுல இருந்து எடுத்துப் பைக்குள்ள ஒளிச்சு வச்சீங்களோ, அதுக்குத்தான்."

"வேணி..."

"கம்பெனிக்காரங்க கடை முதலாளின்னு என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. கம்போடியான்னு சொன்னாங்க. டிக்கெட்டும் அன்னைக்கே என் பேர்ல போட்டாச்சு. நீங்களா வந்து உண்மையைச் சொன்னா உங்க பேருக்கு மாத்தித் தரலாம்னு இருந்தேன். மாண்டலேன்னீங்க."

டாக்ஸிக்குள் உட்கார்ந்திருந்த சிவராஜ் அவசரமாக இறங்கி வந்து அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். ரெங்கசாமியை மட்டும் பார்க்கவில்லை.

"உனக்குப் போக்கர் தெரியாதே!" என்றார் ரெங்கசாமி, கடைசி நம்பிக்கையாக.

"சிவராஜ் சொல்லிக் கொடுத்துட்டான். எதிராளியைப் படிக்கத் தெரிஞ்சா போதுமாம். அது கல்யாணமான நாள்ல இருந்து பழக்கம்தானே."

ரெங்கசாமிக்கு இப்போது பயத்தைவிட அவமானம்தான் அதிகம் வலித்தது. எத்தனை பூசணிக்காய், எத்தனை பாடு!

"என் மூஞ்சியில அப்படி என்னதான் தெரிஞ்சது?"

"மூஞ்சியில ஒண்ணும் தெரியல. அது பிரமாதம்" என்று அம்சவேணி டாக்ஸியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, வழக்கம்போல அவர் காலைப் பார்த்தாள். "பொய் சொல்றப்பல்லாம் வலது கால் கட்டைவிரல் மேல தூக்குது. நெருப்புல நடக்குறப்பவாவது அதைக் கீழே வைங்க."