ஆளில்லாத டாக்ஸியும் ஏழு மாடியும்

என் கணவர் அரசாங்க லிஃப்ட் இன்ஸ்பெக்டர். இந்த ஊரில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு லிஃப்ட்டும் ஏறாது, இறங்காது. அப்படிப்பட்டவர், பாப்பாவை ஓட்டுநர் இல்லாத டாக்ஸியில்தான் தடுப்பூசிக்குக் கூட்டிப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பாப்பாவுக்கு நாலு மாதம். அவள் தும்மினாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

"அந்த வண்டிய யாருங்க சோதிச்சது?"

"செஞ்ச கம்பெனிக்காரனே பார்த்திருப்பான்."

"கவர்மென்ட் பார்க்க வேண்டாமா?"

"கவர்மென்ட் எதுக்கு இதுல மூக்கை நுழைக்கணும்? சட்டம் போட்டே எல்லாத்தையும் முடக்கிடுவாங்க."

"நீங்களும் கவர்மென்ட்தானே?"

"நான் லிஃப்ட். அது வேற."

"லிஃப்ட்லயும் டிரைவர் இல்லையேங்க."

"உனக்குப் பயம். பயத்துக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டிருக்க முடியாது."

எதிர்த்துப் பேசாமல் தலையாட்டுவது எப்படி என்று கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் பழகியிருக்கிறேன். ஆட்டினேன்.

திங்கட்கிழமை காலை டாக்ஸி வாசலில் வந்து நின்றது. ஏழாவது மாடியில் எங்கள் வீட்டைவிட்டு அவர் கிளம்பினார்; ஒரு கையில் பாப்பா, மறு கையில் அவளுடைய தள்ளுவண்டி. லிஃப்ட்டுக்குள் கால் வைக்கப் போனவர், வெந்நீரில் வைத்தது போல் பின்வாங்கினார். உள்சுவரில் சோதனைச் சான்றிதழ் மாட்டும் கண்ணாடிச் சட்டம் காலி.

"காகிதம் எங்க?"

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சு, ஏறுங்க."

"அதெப்படி? கோளாறுன்னாத்தான் எங்க ஆபீஸ்ல அதைக் கழட்டுவோம். காகிதம் உள்ள தொங்கணும். அது தொங்காத லிஃப்ட்ல என் பொண்ண ஏத்த மாட்டேன்."

ஏழு மாடியும் படியில் இறங்கினார். கீழே வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லிஃப்ட்டில் வந்திறங்கி, டாக்ஸி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் நான்.

"நீ எப்படி...?"

கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினேன். "உங்க கையெழுத்துதான், பாருங்க. இந்த டாக்ஸிக்குள்ள யார் கையெழுத்து தொங்குதுன்னு சொல்லுங்க, நானும் ஏறிக்கறேன்."

தலையை உள்ளே விட்டுத் தேடினார். முன்னால், பின்னால், கூரையில். தொங்கியது ஒரு வாசனை அட்டை மட்டும்.

பாப்பா தும்மினாள். அவர் அவளைப் பார்த்தார்; ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையைப் பார்த்தார். டாக்ஸியைத் திருப்பி அனுப்பினார்.

"நம்ம பழைய காரையே எடுக்கலாம். நானே ஓட்டறேன். சாவி எங்க?"

"மேல."

லிஃப்ட் பக்கம் நடந்தார்.

"காகிதம் உள்ள தொங்கணுமேங்க," என்றேன், பாப்பாவை வாங்கிக்கொண்டு. "அதை மாட்டற ஸ்க்ரூடிரைவரும் மேலதான் இருக்கு."