நுழைகிறவரின் வலது கைப்பக்கம்

மெல்வின் கார்ஃபிங்கலின் இடது கை பின்னால் போய்க் கடையின் வாசல் நிலையைத் தடவியது. வழவழவென்று இருந்தது. கொஞ்சம் மேலே தடவினார். அங்கேயும் வழவழ.

"இதோ, இங்கதான்," என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை தடவினார். எதிரே நின்ற பதினான்கு சுற்றுலாப் பயணிகளில் ஒருவர்கூட அவர் கையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் கதவுக்கு மறுபுறம் இருந்த நிலையின் பக்கம் திரும்பியிருந்தது.

பதினோரு வருடமாக எல்ட்ரிட்ஜ் தெருவில், சீனக் கொழுக்கட்டை விற்கும் இதே டம்ப்ளிங் கடை வாசலில், கடைக்கு முதுகைக் காட்டி நின்று இதே வசனத்தைச் சொல்கிறவர் அவர். "நூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்லேருந்து எறங்கின யூதக் குடும்பம் ஒண்ணு இங்க குடி வந்துது. வேத வரி எழுதின தோல்சுருளைச் சின்னக் கூட்டுல வச்சு வாசக்கால்ல சாய்வா அடிச்சாங்க. மெசூசா. நுழையறவங்களோட வலது கைப்பக்கம். குடும்பம் போச்சு, மெசூசாவும் போச்சு. தழும்பு மட்டும் இருக்கு." இந்த இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாகவே தழுதழுக்கும். இன்றைக்கு வேறு காரணத்துக்காகத் தழுதழுத்தது.

"ஏம்ப்பா," என்றார் முன்வரிசையில் நின்ற பெர்னிஸ் ரொசோவ்ஸ்கி. க்ளீவ்லண்டில் நாற்பது வருடம் ஹீப்ரு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். "வலது பக்கம்னு சொன்னே. தழும்பு இடது பக்கம்னா இருக்கு?"

மெல்வின் திரும்பிப் பார்த்தார். இருந்தது. பச்சை வாசல் நிலையில், இடது பக்கத்தில், சாய்வாக, அழகாக.

கூட்டத்தின் கடைசியில் தலியா நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பழைய தெருக்களை நடந்தே சுற்றிக்காட்டும் இந்த நடைகளை நடத்தும் சங்கத்தின் புது நிர்வாகி. மெல்வின் சொல்லும் இன்னொரு கதையில், ஊறுகாய்ப் பீப்பாயில் ஒளிந்து போலீசிடமிருந்து தப்பிய தையல்காரனுக்கு அவர் மூன்று வாரத்தில் மூன்று பெயர் வைத்துவிட்டதாகப் புகார்க் கடிதம் வந்திருந்தது. "இன்னைக்கு ஒரு கட்டுக்கதை என் காதுல விழுந்தாலும், நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்," என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். இந்த நடை போய்விட்டால் மெல்வினுக்கு மிச்சம் ப்ரூக்ளினில் ஓர் அறையும் காது கேட்காத ஒரு பூனையும்தான்.

பீப்பாய் கதை, சரி, விடுங்கள். இந்தத் தழும்பு சத்தியமாக உண்மை. உண்மையைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று அந்த மனிதருக்குத் தோன்றிவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

"நல்ல கேள்வி!" என்றார். "அந்தக் காலத்துல வாசல் கொல்லைப் பக்கம். அதனால உள்ளேருந்து வந்தா இது வலது பக்கம்."

"அப்ப கொல்லைலேருந்து கதவைத் தொறந்து எங்க நுழைவாங்க? தெருவுக்குள்ளயா? நடுத்தெருவுலயா குடியிருந்தாங்க?"

கூட்டம் சிரித்தது. தலியா எழுதினாள்.

"அதுவும் ஒரு கருத்துன்னு சொன்னேம்மா," என்று மெல்வின் சமாளித்தார். "இன்னொண்ணு, ஊர் வழக்கம். தார்னோபோல் பக்கத்துலேருந்து வந்தவங்க சில பேர் இடது பக்கம்தான் அடிப்பாங்க."

"யாரு சொன்னா? நாப்பது வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

மெல்வின் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பருத்த மனிதர் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. "எங்க தாத்தா தார்னோபோல்! எங்க வீட்டுல இடது பக்கம்தான் இருந்துது! அப்பா தப்பா அடிச்சிட்டார்னு ஊரே கேலி பண்ணிச்சு சார். செத்துப்போற வரைக்கும் கேலி!"

"அது வந்து..."

"தம்பிகிட்ட சொல்லணும்!" அவர் போனை எடுத்துவிட்டார். "டேய், அப்பா பண்ணது சரிதான்டா! வழிகாட்டி சார் சொல்றார்! கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா!"

உயிரோடிருப்பவர்களிடம் பொய் சொல்லப்போய் இப்போது செத்தவர் வரைக்கும் போய்விட்டது. தலியா பக்கத்தைப் புரட்டி எழுதினாள்.

சாட்சி வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே, ஆவிக்கு நடுவில், கடைக்காரர் லியாங் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் வந்ததிலிருந்தே மெல்வினைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்த மனிதர். மெல்வின் கதவைத் தள்ளினார்.

"லியாங், நீங்களே சொல்லுங்க. இந்தத் தழும்பு எப்பவும் இங்கதானே இருக்கு?"

"எப்பவும்!" என்றார் லியாங், ஒரே மூச்சில். "நூறு வருஷமா! நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து!"

"பாத்தீங்களா!" மெல்வினுக்கு உயிர் வந்தது.

பெர்னிஸ் அம்மாள் இரண்டு படி ஏறினார். தழும்பின் மேல் சுட்டுவிரலை வைத்து அழுத்தி இழுத்தார். பிறகு விரலை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். விரல் பச்சையாக இருந்தது.

"நூறு வருஷமா," என்றார். "இன்னும் காயலையாக்கும்?"

போனில் பேசிக்கொண்டிருந்த பருத்த மனிதர், "டேய், இருடா, கெளம்பாதே," என்றார்.

மெல்வின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொல்லை வாசல் பொய். தார்னோபோல் பொய். மன்னிச்சிடுங்க சார், உங்க அப்பாவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தழும்பு நிஜம்மா, சத்தியமா நிஜம். பதினோரு வருஷமா இந்தக் கையால தொட்டிருக்கேன். வலது பக்கம்தான் தொட்டேன்... தொட்டேனா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு." அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். அழுதுவிடுவார் போலிருந்தது.

தலியா முன்னால் வந்தாள். "மெல்வின், அடையாள அட்டையைக் கழட்டிக் குடுங்க."

மெல்வின் கழுத்துக் கயிற்றை மெதுவாகத் தூக்கினார். அது காதில் மாட்டிக்கொண்டது.

"அட, அவரை ஏம்மா வெரட்டறீங்க?" லியாங் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். "பழைய வாசக்கால் செல்லரிச்சுப் போச்சுன்னு நேத்து சாயங்காலம் இவர் போனப்புறம் தச்சர் மொத்தமாப் பேத்து எடுத்துப் புதுசு வச்சுட்டார். அதோட தழும்பும் போச்சு. நாள் தவறாம இவர் வந்து அதைத் தொட்டுக் கண்கலங்குவார். வந்து பாத்து இல்லேன்னா மனுஷன் என்ன ஆவார்? அதான் இன்னைக்குக் காலைல நானே உளியை வச்சு செதுக்கிப் பச்சை அடிச்சேன்."

பெர்னிஸ் அம்மாள் பச்சை விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "செதுக்கினதுதான் செதுக்கினே, சரியான பக்கத்துல செதுக்கக் கூடாதாப்பா?"

லியாங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாளின் முழங்கையைப் பிடித்துக் கடைக்குள்ளே கூட்டிப்போய், அடுப்புக்குப் பின்னால், பதினோரு வருடமாகத் தான் நின்றே பழகிய இடத்தில், தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

"தெனமும் நான் இங்க நின்னுதாம்மா அவர் சொல்றதைக் கேக்கறேன். இப்ப சொல்லுங்க, வலது பக்கமா இல்லையா?"