மாமாவின் சிவப்புக் காரின் பூர்வோத்தரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம், என் முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர். அங்கே நீங்களும் வீட்டில் அனைவரும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உங்கள் தகப்பனாரான காலஞ்சென்ற மாமா இங்கே நம் கொட்டகையில் விட்டுப்போன இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை, பழைய கார்கள் சேகரிக்கும் உங்கள் நண்பர் இருபதாம் தேதி லாரி கொண்டுவந்து ஏற்றிப்போகப் போவதாகவும், அது அசல்தான் என்று நிரூபிக்க முதல் சொந்தக்காரரிலிருந்து மாமா வரை கைமாறிய வரலாற்றை நான் திரட்டி வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவருக்கு இது எம்மாத்திரம் என்று புகழ்ந்தும் இருந்தீர்கள். அந்தப் புகழ்ச்சிக்கு நான் லாயக்கில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். லாரி வர வேண்டாம்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர், அவர் இப்போது இல்லை, அவர் சம்சாரம் இருக்கிறார், போய்க் கதவைத் தட்டினேன். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிய வண்டி என்று ஒன்பது வருஷம் அந்த அம்மாள் அதில் ஏறவே இல்லையாம், கல்யாணங்களுக்கெல்லாம் அவர் காரிலும் இவர் பஸ்ஸிலுமாகப் போய், பெரும்பாலும் இவர்தான் முதலில் போய்ச் சேர்வாராம். அது இன்னமும் ஓடுகிறதா என்று கேட்டார், ஓடுகிறது என்றேன், முகம் தொங்கிப்போயிற்று. எழுத்துமூலம் ஒரு வாக்குமூலம் கேட்டதற்கு, "மேற்படி கார் ஒன்பது வருஷம் என் வீட்டில் இருந்தது, இல்லாதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ஆவணம் ஒன்று என்று கோப்பில் சேர்த்தேன்.

இரண்டாம் சொந்தக்காரர் போட்டோ ஸ்டுடியோக்காரர். அவர் அதை ஓட்டியதே இல்லை, முன்வாசலில் நிறுத்திவைத்து, வருகிறவர்களையெல்லாம் அதில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார். நாற்பது படம் கொடுத்தார். ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பரப்பிப் பார்த்தால், பாதிப் படத்தில் ஸ்டீரிங் வலது பக்கம், பாதியில் இடது பக்கம். உங்கள் நண்பர் அனுப்பிய மதிப்பீட்டாளர், பூதக்கண்ணாடியும் அளவுநாடாவுமாக வந்திருந்தாரே அவர்தான், இவை இரண்டு கார்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மறுபடி ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், யாருக்கு எந்தப் பக்க முகம் பார்க்கும்படி இருந்ததோ அந்தப் பக்கமாக நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தேன், காரை யார் பார்த்தார்கள் என்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சரிசெய்யலாமே என்றால், நாற்பது படத்திலும் அதன்மேல் யாருடைய காலாவது இருக்கிறது. அவர் சொன்னதையும் எழுதி வாங்கினேன், ஆவணம் இரண்டு. மதிப்பீட்டாளர் இரண்டு நாள் யோசித்து, அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது மாமா. அவருடைய காகிதங்கள் பிஸ்கட் டப்பாவில் ஒரு மூலை மடங்காமல் இருந்தன. பாக்கி ஒன்றே ஒன்று, காரின் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். நம்பர் மங்கலாக இருந்தது. உங்களுக்கே தெரியும், ஆபீசில் எந்தப் பதிவேட்டில் மை மங்கியிருந்தாலும் அதன்மேல் புது மை ஓட்டி வைப்பவன் நான், அதற்காக மேலதிகாரி ஒருமுறை கைகுலுக்கியதும் உண்டு. கை சும்மா இருக்கவில்லை. முதலில் கம்பி பிரஷ், அப்புறம் உப்புக்காகிதம், அப்புறம் லேத் பட்டறையில் எண் அச்சுகளை இரவல் வாங்கி, பதினொரு எண்களையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அழுத்தமாகப் புதுசாய் அடித்தேன். கடைசி ஏழு கொஞ்சம் சாய்ந்துவிட்டது, அதை மட்டும் இரண்டாம் தடவை அடித்தேன்.

மதிப்பீட்டாளர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார்.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான் சார். படிக்கத் தெளிவா இருக்கட்டும்னு."

"ஐயா, போலி வண்டிய அசல்னு காட்டப் பாக்கறவங்க நூறு பேரைப் பார்த்தாச்சு. அசல் வண்டியப் போலியாக்கினவர் நீங்க ஒருத்தர்தான்."

சான்றிதழ் தர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உங்கள் நண்பரும் கார் வேண்டாம் என்று மாலையே தகவல் சொல்லிவிட்டார். அவரிடம் உங்கள் வாக்கு பொய்த்துப்போக நான் காரணமாகிவிட்டேன் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். அசட்டு மாப்பிள்ளை என்று நீங்கள் எப்படித் திட்டினாலும் தகும். உங்கள் தங்கை மட்டும் திட்டவில்லை, இரண்டு தடவை காப்பி கொடுத்தாள்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு நல்ல புத்தியையும் சேர்ப்பிக்கவும், இரண்டாவது என்னிடம் மிச்சமிருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே நம்பர் மங்கியிருந்ததாக எழுதியது தவறு. கண்ணாடி போடாமலே படித்தேன், புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தும் போயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "அம்மா போனப்புறம் அப்பா தினம் சாயங்காலம் இதுல என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அண்ணன் கேட்டா குடுத்துடணும், இல்ல?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை, லேத் பட்டறைக்குப் போனேன். முப்பத்து நான்கு வருஷத்தில் நான் செய்யாத பொய்ப் பதிவை அன்றுதான் செய்தேன். இது அவளுக்குத் தெரியாது. என்னை வெறும் அசடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே திட்டி எழுதுவதானால் உறையில் என் பெயரை மட்டும் போடவும்.