ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா

“அன்னப்பூரணி குளிக்கிறா” என்று யோகராசா தொலைபேசியில் சொன்னபோது, மனைவியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

யோசித்துச் சொன்னதல்ல. கலியாணம் கட்டிய நாளிலிருந்து, யார் வந்து “அக்கா நிக்கிறாவா?” என்று கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். சீட்டுக்காரி வந்தாலும் குளிக்கிறா, கோயில் நன்கொடைக்கு வந்தாலும் குளிக்கிறா. கல்லடியிலேயே அதிகம் குளித்த பெண் அன்னப்பூரணியாகத்தான் இருப்பாள்.

“பரவால்ல அங்கிள், நான் லைன்ல நிக்கன்” என்றது மறுமுனைக் குரல்.

ஏறாவூர் ஸுஹைனா. பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை. சாதாரண சனங்களுக்குக் காசு விசயம் எவ்வளவு தெரியும், சந்தை எந்தப் பக்கம் போகும் என்று அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. மாதம் ஒரு தடவை அன்னப்பூரணியின் கைத்தொலைபேசிக்கு எடுப்பாள். அரிசி, தேங்காய், தங்கம், டொலர், கொழும்புப் பங்குச் சந்தை. ஐந்தும் அடுத்த மாதம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று கேட்பாள்.

அந்த வீட்டுக்குப் பதில் சொல்லும் ஆள் அன்னப்பூரணி. முதல் நாள் ஸுஹைனா கேட்ட முதல் கேள்வி, “வீடு ஆருட பேரில?” என்பது. அது அன்னப்பூரணிக்குத் தாய் கொடுத்த சீதன வீடு. யோகராசா அதற்குள் கலியாணம் கட்டி வந்தவர். அதனால் அவளைத்தான் பதிந்தார்கள்.

“காசு முழுக்க ஒரே கம்பனியில போடுறது நல்லதா அன்ரி, கெட்டதா?” என்பது அன்றைய இன்னொரு கேள்வி.

“அப்பிடிப் போட்ட மனிசன் ஒராள் இஞ்ச பேப்பர் பாத்துக்கொண்டிரிக்கார். அவரக் கேளு மகள்” என்றாள் அன்னப்பூரணி.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைக் கூடுதல் வட்டி தருவதாகச் சொன்ன ஒரு கம்பனியில் யோகராசா போட்டதும், அது ஒரு வெள்ளிக்கிழமை பூட்டித் திங்கட்கிழமை திறக்காமல் விட்டதும் இப்படித்தான் ஆராய்ச்சிக்குள் போயின. அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளத்து நீர்மட்டம் பார்த்தவர். தண்ணீர் ஏறுமா, இறங்குமா என்று சொன்னால் தவறாது. விலைவாசிதான் அவர் சொற்கேட்பதில்லை.

இப்போது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மாதத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியாயிற்று. சொன்ன உடனே எல்லோருடைய குரலும் தாழ்ந்துவிடும். பிறகு யாரும் அவரோடு தேங்காய் விலைகூடக் கதைப்பதில்லை. மெல்பேர்னிலிருந்து மகள் தனுஷியா எடுத்து, “சாப்பிட்டீங்களா அப்பா?” என்பாள், அழுவாள், வைத்துவிடுவாள். இந்தப் பிள்ளை மட்டும்தான் “அன்ரி இரிக்காவா?” என்று, ஓம் என்றும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக அதைக் கேட்டாள்.

அதோடு, பதிந்த ஆள் இல்லாத வீட்டுக்கு இனி அழைப்பு வராது என்று அவர் கணித்திருந்தார்.

“நான் அவட்டக் கேட்டுச் சொல்லட்டா?”

“கேட்டுச் சொல்லுங்க அங்கிள். முதல்ல அரிசி.”

யோகராசா தொலைபேசியை நெஞ்சில் அமத்திக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றார்.

“இஞ்ச, அரிசி ஏறுமா இறங்குமா எண்டு கேக்கிறாங்க.”

குசினி பேசாமல் இருந்தது.

“என்னக் கேட்டா இறங்கும்” என்றார் யோகராசா. “நெல்லு வெட்டுத் தொடங்கிட்டு. கரடியனாற்று வயல் வட்டையெல்லாம் மெசின் நிக்குது. இறங்காம என்ன செய்யும்?”

அதைச் சொன்ன பிறகுதான் அன்னப்பூரணி என்ன சொல்லியிருப்பாள் என்பது அவருக்குத் தெரிந்தது. நாற்பது வருசமாக, அவர் மேற்கு என்றால் அவள் கிழக்கு. சமையல் காஸ் வரிசை ஒரு கிழமையில் முடிந்துவிடும் என்று அவர் பேப்பரை மடித்த அன்று, அவள் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் நிறைய விறகு கொண்டுவந்து இறக்கினாள். அந்த விறகில்தான் அந்த வருசம் முழுக்கச் சமைத்தார்கள்.

“ஏறுமாம் மகள்” என்றார்.

தேங்காய் ஏறும் என்று அவருக்குத் தோன்றியது. “இறங்குமாம்” என்றார். பங்குச் சந்தை விழும் என்று பேப்பரில் படித்திருந்தார். “எழும்புமாம்” என்றார். ஐந்தையும் இப்படியே தலைகீழாகப் புரட்டிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் பார்த்தால், ஐந்தும் சரி.

“அன்ரி இரிக்காவா?” என்று ஸுஹைனா மறுபடி எடுத்தாள்.

“நிக்கிறா. ஆனா தொண்டை கட்டிட்டு. கதைக்க ஏலாது.”

அவளோடு கதைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பொய்க்குப் பயந்தவர்கள் எப்போதும் ஒரு பொய் கூடுதலாகத்தான் சொல்வார்கள்.

“தேன் குடுங்க அங்கிள்.”

சும்மா தலையாட்டியதாகப் போய்விடக் கூடாதென்று அன்று பின்னேரமே ஒரு போத்தல் தேன் வாங்கினார். சோற்றுக்குப் பிறகு தானே ஒரு கரண்டி குடித்தார். ஆள் இல்லாத மேசையில் அது ஒரு வேலையாக இருந்தது.

“தேன் குடுத்தீங்களா?” என்று அடுத்த தடவை கேட்டாள்.

“அரைப் போத்தல் முடிஞ்சிது.”

அதில் பொய் இல்லை. அவருடைய சீனி வருத்தம்தான் ஏறியிருந்தது. அந்த ஐந்து கேள்விகளில் அது இல்லை.

தொண்டையை எத்தனை மாதம் கட்டி வைப்பது? அதற்கடுத்த அழைப்பில் அன்னப்பூரணியைக் கரடியனாற்றில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார்.

“போன விட்டுட்டா போனவ?” என்றாள் ஸுஹைனா.

யோகராசா கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். “ஓம். மறந்திட்டா.”

“அப்ப பதில்?”

“அதச் சொல்லிட்டுத்தான் போனவ. நீங்க கேப்பீங்க எண்டு அவக்கு முதலே தெரியும்.”



“ஓம் அங்கிள். அன்ரிக்கு முதலே தெரியும்தான்” என்றாள் ஸுஹைனா. பிறகு அரிசியைக் கேட்டாள்.

வினை அடுத்த அழைப்பில் வந்தது.

“அங்கிள், ஆராய்ச்சியில உங்கட வீடுதான் முதலாவது. வங்கியில இரிக்கிற ஆக்கள், பங்கு வாங்கி விக்கிற ஆக்கள் எல்லாரையும் விட உங்கட வீட்டுக் கணிப்புத்தான் சரியா வருது. பேராசிரியர் என்னெண்டு இது எண்டு கேக்கார்.”

“அது, முதல்ல நான் ஒண்டு சொல்லுவன்” என்றார் யோகராசா. “மறுகா அவ ஒண்டு சொல்லுவா.”

“அடுத்த மாசமும் இப்பிடியே வந்தா, இந்தப் பதில் சொல்ற ஆள நேர போய்ப் பாத்துட்டு வா எண்டு சொல்லியிரிக்கார்.”

முதலாவதாக வருவதை நிறுத்த வேண்டும். அதற்கு வழி சுலபம். தன் கணிப்பைத் தலைகீழாக்காமல் அப்படியே கொடுத்தால் போதும். நாற்பது வருசமாகப் பிழைக்காத பிழை அது. அரிசி இறங்கும், தங்கம் ஏறும், டொலர் அப்படியே இருக்கும் என்று, மனதில் பட்டதையெல்லாம் பட்டபடியே சொல்லி வைத்தார்.

அந்த மாதம் அரிசி இறங்கியது. தங்கம் ஏறியது. டொலர் அசையாமல் இருந்தது. ஐந்தும் சரி.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு அவர் குசினி வாசலுக்கு ஓடினார். “பாத்தியா, நான் சொன்னன்தானே.”

இல்லை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அவர் வாழ்நாளில் வென்ற முதல் வாதம் அது. அடுப்பில் வைத்த தேத்தண்ணி வற்றும்வரை அங்கேயே நின்றார்.

“சனிக்கிழமை வாறன் அங்கிள்” என்று ஸுஹைனா செய்தி அனுப்பியிருந்தாள்.

பக்கத்து வளவில் பிரஷாந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யோகராசா வேலியருகே போனார்.

“புள்ள, சனிக்கிழமை ஒரு அரை மணித்தியாலம் அன்னப்பூரணியா இரிக்க ஏலுமா?”

கத்தி நின்றது. “என்ன அண்ணன் கதைக்கிறீங்க?”

“சும்மா கதிரையில இரிந்தாக் காணும். தொண்டை கட்டிட்டு எண்டு சொல்லியிரிக்கன்.”

“தொண்டை கட்டினாலும் அக்கா பேசாம இரிப்பாவா? ஆரு நம்புவாங்க?” பிரஷாந்தி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மீன் செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டியது. “அவட கதிரையில இரிக்க எனக்குப் பெலன் இல்ல அண்ணன். நீங்க போய் ஏதாச்சும் சாப்பிடுங்க.”

சரி, ஆள் வேண்டாம், அடையாளம் போதும் என்று யோகராசா தீர்மானித்தார். சனிக்கிழமை காலை, சுவரில் இருந்த அன்னப்பூரணியின் படத்தைக் கழற்றினார். அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே வைத்தார். அவள் போனபின் அந்த அலுமாரியை அவர் திறந்ததில்லை. பச்சைச் சேலை ஒன்றை எடுத்துக் கிணற்றடியில் நனைத்துக் கொடியில் விரித்தார். வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதையேதான் ஊரும் நினைத்தது.

“அண்ணன், ஆரு வந்திரிக்கிறா?” வேலிக்கு மேலால் பிரஷாந்தி.

“ஒருத்தரும் இல்ல.”

“அப்ப சேலை?”

“அது அன்னப்பூரணிட.”

“அது எனக்குத் தெரியும். உடுத்தது ஆரு எண்டுதான் கேக்கன்.”

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அவள் வளவில் மரமே நின்றது. இன்னொருத்தி உப்பு. இருவரும் அவரைப் பார்க்காமல் குசினியைப் பார்த்தே கதைத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தது அவரிடம் இல்லை. ஸுஹைனாவின் ஓட்டோ படலையில் நின்றபோது வேலி நெடுகத் தலைகள் எழுந்தன. “இவ்வளவு சின்னப் பிள்ளையா?” என்றது ஒரு குரல்.

ஸுஹைனா கறுப்பு அபாயாவில் மெலிந்து, கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு பையை மேசையில் வைத்தாள். “விசுக்கோத்து அங்கிள். சீனி போடாதது.”

யோகராசா மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது கோப்பைக்கு நேராக ஒரு கதிரையையும் இழுத்து விட்டார். நிமிர்ந்தபோதுதான் சுவர் தெரிந்தது. படத்தைக் கழற்றியவர் மாலையை மறந்துவிட்டார். வெளிறிய ஒரு சதுரத்தைச் சுற்றி, வெறும் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

ஸுஹைனாவும் அதைப் பார்த்தாள். பிறகு வழக்கமான குரலில் கேட்டாள்.

“அன்ரி இரிக்காவா?”

குளிக்கிறா, கோயிலுக்குப் போயிட்டா, கரடியனாற்றில நிக்கிறா என்று மூன்றும் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தன.

“கோயிலுக்குக் குளிக்கப் போயிட்டா” என்றார் யோகராசா.

அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். “கொடியில சேலை காஞ்சிட்டு அங்கிள். கச்சான் காத்துக் கொண்டுபோயிரும், எடுங்க.”

அவர் போய் எடுத்தார். காற்று அதை விடாமல் இழுத்தது. இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதை வைத்துக்கொண்டு அடுத்த பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“மகள், அவ இல்ல” என்றார். “பொங்கலோட போயிட்டா. பெரியாசுபத்திரியில.”

ஸுஹைனா கோப்பையை மேசையில் வைத்தாள்.

“அதுக்குப் பிறகு சொன்னதெல்லாம் நான் சொன்னது. உங்கட ஆராய்ச்சியப் பழுதாக்கிட்டன். பேராசிரியர்ட்டச் சொல்லி இந்த வீட்ட வெட்டி விடுங்க. இனி…” அவர் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “இனி நீங்க போன் எடுக்கத் தேவையில்ல.”

“ஒண்டும் பழுதாகல்ல அங்கிள். பதிஞ்ச ஆள் மௌத்தாப் போயிட்டா, வீட்டுல இரிக்கிற மற்ற ஆள் தொடரலாம். பொங்கலுக்குப் பிறகு எல்லாம் உங்கட பேரிலதான் பதிஞ்சிரிக்கன். பேராசிரியர் பாத்துட்டு வரச் சொன்னதும் உங்களத்தான்.”

யோகராசா மூன்றாவது கோப்பைக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார்.

“அப்ப உங்களுக்கு முதலே தெரியும்?”

“ஓம். பேப்பரில மரண அறிவித்தல் பாத்தன்.”

“தெரிஞ்சிகொண்டுதானா மாசம் மாசம் அன்ரி இரிக்காவா எண்டு கேட்டீங்க?”

ஸுஹைனா எழுந்து வந்து சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்தாள். மறு தலைப்பை அவர் பிடித்துக்கொள்ளும்வரை நின்று, மடிக்கத் தொடங்கினாள்.

“ஆசுபத்திரியிலருந்து அன்ரிதான் சொன்னவ: ‘நான் இல்லாமப் போனாலும், அடுத்த மாசம் நீ எடுத்தா, நான் குளிக்கிறன் எண்டுதான் மனிசன் சொல்லும், நீ சரி எண்டுட்டு, என்னட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லு மகள், இல்லாட்டி அது வாயே திறவாது.’”