பச்சைப் புள்ளி

“டேய், லைட்டு போயிடுச்சுடா!”

குளியலறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல்.

“கையை ஆட்டுங்கப்பா, வந்துடும்!”

“ஆட்டிக்கிட்டுதான்டா இருக்கேன்!”

“மேல தூக்கி ஆட்டுங்க! அது உங்களைப் பாத்தாத்தான் எரியும்.”

“கண்ணெல்லாம் சோப்பு. அது என்னைப் பாக்கறது இருக்கட்டும், நான் எப்படிடா குழாயைப் பாக்கறது?”

உள்ளே வாளி உருண்டது. உடனே விளக்கு எரிந்தது. வாளிக்கு இருந்த மரியாதை அப்பாவுக்கு இல்லை.

மகனுக்கு டைல்ஸ் கம்பெனியில் மேலாளர் வேலை. ஆபீஸில் அவனுக்குப் பெயர் ‘பச்சை’. கேலியாக வைத்த பெயரை விருதுபோல் வாங்கி மாட்டிக்கொண்டவன். அவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். காய்கறித் தோல் மூலையில் ஒரு டப்பாவில் உரமாகிக்கொண்டிருக்கும். அறைக்கு அறை கூரையில் ஒரு மின்னணுக் கண். ஆள் அசைந்தால் விளக்கும் விசிறியும் ஓடும், அசையாவிட்டால் அணைந்துவிடும். சுவரில் இருந்த சுவிட்சுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வெள்ளைத் தகடு அடித்துவிட்டான். எந்த அறையில் ஆள் இருக்கிறது என்பதை செல்போனே சொல்லும். இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சாம்பல் புள்ளி.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அப்பா அசைய மாட்டார்.

பேப்பரைப் பிரித்தால் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அறை இருட்டாகிவிடும். செல்போனில் புள்ளி சாம்பலாகிவிடும்.

அம்மா இறந்துபோனதும் அக்கா கேட்டாள், “அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்டா. உன் பொண்டாட்டிக்கு வெளியூர்ல வேலை, மாசத்துக்கு ஒருதடவை வர்றா. நீ விடிஞ்சா ஆபீஸ். அவர் தனியா என்ன பண்ணுவார்?”

“மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அப்பா எதுக்கு உன் வீட்டுக்கு வரணும்?” என்று ஒற்றைக் காலில் நின்றான்.

“சரி. அவருக்கு ஒரு குறைன்னு தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அந்தப் பேச்சு அவனுக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது. அக்காவிடம் தோற்பதைவிட வேறு எதில் வேண்டுமானாலும் தோற்கத் தயாராக இருந்தான். அதனால், குளித்துவிட்டு வந்த அப்பாவுக்கு அன்றே ஒரு வழி சொன்னான்.

“படிக்கும்போது நடுநடுவுல கையை ஆட்டுங்கப்பா.”

அப்பா ஆட்டினார். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஆபத்துக்குத்தான் கூப்பிடுகிறார் என்று மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் தடவை வரவில்லை, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து, கூரையில் இருந்த கண்ணின் கூர்மையைக் கூட்டி வைத்தான். இப்போது பல்லி ஓடினாலும் விளக்கு எரிந்தது, திரை ஆடினாலும் எரிந்தது. ராத்திரியெல்லாம் அப்பா கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தார்.

“எனக்கு ஒரே ஒரு சுவிட்ச் போட்டுக் குடுடா. நானே போடறேன், நானே அணைக்கறேன்.”

“ஒரு ரூம்ல சுவிட்ச் இருந்தாலும் போட்டியிலேர்ந்து தள்ளிடுவாங்கப்பா.”

ஆபீஸில் ‘பசுமை வீடு’ போட்டி நடந்துகொண்டிருந்தது.

“அப்ப நான் இருக்கேன்னு நாள் முழுக்க நிரூபிச்சுக்கிட்டே இருக்கணுமா?”

இதற்கு அவன் கண்டுபிடித்த பதில், ஒரு பொம்மை.

கூர்மையைப் பழையபடி குறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடையில் பார்த்து வாங்கிய தலையாட்டிப் பொம்மையை அப்பாவின் மேசையில் வைத்தான். வெளிச்சம் பட்டால் தலையாட்டும். தலையாட்டினால் விளக்கு அணையாது. விளக்கு அணையாவிட்டால் தலையாட்டிக்கொண்டே இருக்கும். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

“தூங்கறப்ப இதுமேல துண்டைப் போட்டு மூடிடுங்க. விளக்கு தானா அணைஞ்சிடும்.”

அப்பா பொம்மையை வெகுநேரம் பார்த்தார். எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்றது அது.

“நல்லா இருக்குடா. உனக்கு இதுவே போதும்” என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். அதன்பிறகு அப்பா அவனிடம் வாயைத் திறக்கவில்லை. கோபமாக்கும், தானே வடிந்துவிடும் என்று விட்டுவிட்டான். ஆபீஸ் முடிந்து வந்ததும், சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நின்று “சாப்பிட்டீங்களாப்பா?” என்பான். பதில் வராது. மெஸ்ஸிலிருந்து அப்பாவுக்கு வரும் கேரியர் கழுவித் துடைத்து மேசையில் பளபளவென்று இருக்கும். சாப்பிட்டிருக்கிறார். கதவைத் திறந்து தொந்தரவு செய்வானேன் என்று செல்போனைப் பார்ப்பான். பச்சை. படுக்கும் முன்பும் பச்சை, எழுந்ததும் பச்சை. வயதானவர்களுக்குத் தூக்கம் ஏது என்று நினைத்துக்கொள்வான்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் தண்ணீர்க் கணக்கில் வந்தது. ஒரே வாரத்தில் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லாம் நூல் குழாயின் மகிமை.

சனிக்கிழமை ஆபீஸில் முதல் பரிசு அவனுக்குத்தான். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

“வீட்ல அதே ரெண்டு பேர். ஆனா தண்ணிச் செலவு பாதி! வயசான அப்பாவையும் வச்சுக்கிட்டு இதைச் சாதிச்சிருக்கார் நம்ம பச்சை!”

கைதட்டல் ஓய்வதற்குள் செல்போன் அடித்தது. அக்கா. கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போனான். இந்த நேரத்தில் அவள் கூப்பிட்டது தெய்வாதீனம் என்று தோன்றியது.

“அப்பா எப்படிடா இருக்கார்?”

“ராஜா மாதிரி இருக்கார்க்கா. ஒரு குறை கிடையாது.”

“பேசறாரா?”

“நல்லாப் பேசறார். காலையிலகூட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்.” பச்சைப் பொய். பெயருக்குப் பொருத்தமாக வந்தது.

“சாப்பாடெல்லாம்?”

“கேரியரை மிச்சம் வைக்காம காலி பண்றார். தனியா என்ன பண்ணுவார்னு அன்னைக்குக் கேட்டியே, இப்ப சொல்லு.”

“ம்” என்றாள் அக்கா. வாயடைத்துவிட்டாள் என்று அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

“இப்ப எங்கடா இருக்கார்?”

பேசிக்கொண்டே செல்போனில் வீட்டைத் திறந்து பார்த்தான். “அவர் ரூம்லதான். இதோ, பச்சைப் புள்ளி எரியுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துக்கிட்டேதான்க்கா இருக்கேன். பெத்த அப்பனைப் பாக்காம வேற யாரைப் பாக்கப்போறேன்?”

“அப்படியா? அப்ப மெஸ்ஸை நிறுத்திட்டு வந்து, திங்கக்கிழமையிலேர்ந்து எங்க வீட்டு ஹால்ல, தானே சுவிட்சைப் போட்டுக்கிட்டு, கொஞ்சம்கூட அசையாம பேப்பர் படிச்சிட்டு இருக்கறது யாருடா?”