மன்மதனைப் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள்

எனக்கு வில் இழுக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பல வருடம் மன்மதன் நான்தான். சிவன் மேல் அம்பு விட வேண்டும். நாணை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பேன். நெஞ்சு வரை இழுப்பேன். மெதுவாக விட்டுவிடுவேன். அம்பு கையிலேயே இருக்கும். தப்பு மேளச் சத்தத்தில் யாரும் கவனிப்பதில்லை. (சிவன் கண்ணை மூடியிருப்பார். அவருக்கும் தெரியாது.)

ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலம். ஒரு மாசியில் பழைய வில் ஒடிந்தது. பலாபத்வலையில் மூங்கில் வில் செய்து வாங்கினேன். கூட வந்தவன் பெரியசாமி. கூத்தில் அவன் ரதி, என் சம்சாரம். திரும்பி வரும்போது ஆமி பஸ்ஸை மறித்தது. எல்லாரும் இறங்கினோம். என் சாக்கைப் பிரித்தார்கள். வில் வந்தது. அம்பும் வந்தது.

முன்பு அதே இடத்தில் இறக்கிய பக்கத்துத் தோட்டத்து ஆள் அதுவரை வீடு திரும்பவில்லை.

பெரியசாமிக்குச் சிங்களம் வரும். இவர் சாமி, நான் இவர் பொண்டாட்டி என்று ஆமிப் பெரியவரிடம் விளக்கினான். (மீசையை எடுத்திருந்தான். நெஞ்சு முடியை எடுக்கவில்லை.) பெரியவர் சிரிக்கவில்லை. அப்படியானால் அம்பு விட்டுக் காட்டு என்றார்.

பெரியசாமி காதில் சொன்னான். "நல்லா இழுத்துறாதடா. ட்ரெய்னிங் எடுத்தவன்னு நெனைப்பாங்க."

வில்லைத் தூக்கினேன்.

"ரொம்ப மோசமாவும் இழுக்காத. பொய்னு நெனைப்பாங்க."

இரண்டுக்கும் நடுவில் எப்படி இழுப்பது? கையை விறைப்பாக நீட்டிக் கிள்ளி இழுத்தேன். நாண் நழுவி முன்கையில் அறைந்தது. அம்பு என் கால் மேலேயே விழுந்தது.

ஒரு ஆமிக்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்ட வந்தான். முடிந்தது என்று கண்ணை மூடினேன். அவன் என் இடது முழங்கையைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினான். நாணில் மூன்று விரலை வைத்தான். முதுகைத் தட்டி, தாடை வரை இழு என்றான். லக்கலப் பக்கத்துக்காரனாம். காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் அம்பு விட்டுக் குரங்கு விரட்டிய பழக்கமாம்.

இழுத்தேன். விட்டேன். அம்பு மணல் மூட்டையில் குத்தி நின்றது.



"கெடுத்தியேடா" என்றான் பெரியசாமி.

பெரியவர் என் முன்னால் வந்து நின்றார். யார் உனக்கு இப்படிப் பழக்கியது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஆமிக்காரனைக் கை காட்டினேன்.

பெரியவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏறு பஸ்ஸில் என்றார்.

நான் ஏறவில்லை. ரதிதான் என்னைத் தூக்கி ஏற்றினாள்.

இப்போதும் வீட்டில் கொடிக்கயிறு இழுத்துக் கட்டப் போனால் மனைவி சொல்வாள். "விடுங்க. ஆமிக்காரன் வரட்டும்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் முழங்கையைத் திருப்பித்தான் இழுப்பேன்.