ஆவடி டிப்போவில் என் உடம்பைக் காட்டிய நாள்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஆவடி மிலிட்டரி டிப்போவில் டாக்டரிடம் உடம்பைக் காட்டி, ஸ்டோர் வேலையில் சேர வேண்டும்.

யுத்த காலம். கையும் காலும் இருந்தால் போதும், எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. எனக்கு இரண்டும் இருந்தன.

வேலை எதற்கு என்றால், இரண்டாவது கல்யாணத்துக்கு. பாக்கியத்தைக் கட்டிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. கோளாறு அவளிடம்தான் என்று முத்தாபுதுப்பேட்டையே முடிவு செய்துவிட்டது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் விசாரணை கிடையாது. அவளுக்குக் கஷாயம், விரதம், வேப்பிலை அடி. எனக்குப் புதுப் பெண். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூச்சப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெண், நசரத்பேட்டை மாமாவின் மகள். மிலிட்டரி வேலை கிடைத்தால்தான் பெண் என்று சொல்லிவிட்டார். என் பேச்சில் நம்பிக்கை இல்லாமல், கண்ணால் பார்க்கக் கூடவே வந்தார்.

டாக்டர் இருந்த கூடாரத்துக்கு வெளியே நில்லுங்கள் என்றேன். கேட்கவில்லை. அவரும் வேலைக்கு வந்தவர் என்று நினைத்த ஒரு சிப்பாய், வேட்டியை அவிழ்க்கச் சொல்லி வரிசையில் தள்ளிவிட்டான். எனக்குப் பின்னால் மாமா கோவணத்தோடு நின்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

டாக்டர் வெள்ளைக்காரர். மெதுவாகப் பேசுகிறவர். அதைத் தமிழில் சொல்ல வைத்திருந்த கம்பவுண்டருக்கோ பட்டாபிராம் ஸ்டேஷன் வரை கேட்கிற குரல்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். இருமச் சொன்னார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிள்ளை குட்டி உண்டா என்று கேட்டார். இல்லை, வீட்டுக்காரிக்குக் கோளாறு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கோவணமும் இல்லாமல் நெஞ்சை நிமிர்த்திய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் கம்பவுண்டரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"அண்ணாத்தே, கோளாறு உங்கிட்டதான் கீது," என்று ஆரம்பித்தான் கம்பவுண்டர். "விதைக்கு மேல நரம்பு வீங்கி சுருட்டிக்கினு கீது. மேல போவ வேண்டிய ரத்தம் அங்கயே தேங்கி சூடு ஏறுது. சூட்டுல விந்து கெட்டுப்பூடும். அதான் புள்ள உண்டாவாம இருக்கலாம்னு தொரை சொல்றாரு."

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. கொஞ்சம் மெதுவாக என்று கெஞ்சினேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னான்.

நரம்பு வீங்கியும் பிள்ளை பெற்றவர்கள் உண்டாம். பட்டணத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் வேலை உண்டாம். பிள்ளை பிறந்தாலும் பிறக்கலாமாம், அதற்கு அவர் பொறுப்பில்லையாம். இதையெல்லாம் கேட்க மாமா அங்கே இல்லை. வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே எங்கள் ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. பெண் கிடையாது என்று சொல்லிவிட்டு மாமா போயிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. பாக்கியத்தை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் நிதானமாக எதிரே உட்கார்ந்தாள்.

"கோளாறு இருக்கறவங்கள ஓரமா வச்சிட்டு வேற கல்யாணம் பண்றதுதானே உங்க ஊட்டு வழக்கம். எனக்கு எப்போ மாப்ள பாக்கப் போறீங்க?"

மறுநாள் முதல் ரயிலிலேயே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.